கியர் பாக்ஸைத் திறக்க விடாமல் ஓட்டுவது: முதல் லாரி வாங்கியவர்களுக்கு

முதல் லாரி வாங்கியவர் தினமும் காலையில் டயரைத் தட்டிப் பார்க்கிறார். என்ஜின் ஆயில் குச்சியை உருவிப் பார்க்கிறார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கிறார், கண்ணாடியைத் துடைத்து எலுமிச்சம்பழம் கட்டுகிறார். கியர் பாக்ஸ் பக்கம் மட்டும் குனிவதில்லை. அது கேபினுக்குக் கீழே, சேஸிஸுக்கு நடுவில், மண்ணும் எண்ணெயும் அப்பிய இரும்புப் பெட்டியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. சத்தம் போடாத வரைக்கும் யாருக்கும் அதன் நினைப்பே வராது. சத்தம் போட்ட பிறகு குனிந்தால் செலவு பெரிது.

நான் மதுரையில் 20 வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவன். இப்போது ஆறு சக்கர வண்டி இரண்டு வைத்திருக்கிறேன். பரவை சந்தையிலிருந்து குமுளி வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி, கப்பலூர் தொழிற்பேட்டையிலிருந்து கிடைக்கிற லோடு, நடுவில் தூத்துக்குடி. இத்தனை வருடத்தில் நான் கண்டது, கியர் பாக்ஸ் வயதாகிக் கெட்டுப்போவது அபூர்வம். ஆயில் குறைந்து கெடும். கிளட்ச் என்ஜினை முழுதாகப் பிரித்து விடாமல் கெடும். பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஜாயின்ட் ஷாஃப்ட்டின் ஆட்டத்தை வாங்கிக் கெடும். இல்லையென்றால் நம் கையும் காலும் கெடுக்கும். இது எல்லாமே பெட்டிக்கு வெளியில் உள்ள சமாச்சாரம். அதனால்தான் சொல்கிறேன், கியர் பாக்ஸ் பராமரிப்பு என்பது அதைத் திறக்கிற வேலை இல்லை, திறக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்கிற வேலை.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும். என்ஜின் பக்கத்திலிருந்து கிளட்ச் வழியாக உள்ளே வருவது இன்புட் ஷாஃப்ட். அதோடு எப்போதும் பல்லோடு பல் கோத்துச் சுற்றுவது கீழே இருக்கிற லே ஷாஃப்ட். பின்பக்கம் ஜாயின்ட்டுக்குப் போவது மெயின் ஷாஃப்ட். நம் ஊரில் ஓடுகிற பெரும்பாலான லாரி கியர் பாக்ஸில் ஆயிலுக்குத் தனி பம்ப் கிடையாது. லே ஷாஃப்ட்டின் பற்கள் கீழே தேங்கிய ஆயிலில் முங்கிச் சுற்றி, அதை மேலே வாரி அடிக்கின்றன. அந்த வாரி அடித்தல்தான் மேலே உள்ள பேரிங்குக்கும் கியருக்கும் சாப்பாடு. லே ஷாஃப்ட் நின்றால் மேலே உள்ளவை பட்டினி. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு இடத்தில் வேண்டியிருக்கும்.

முதல் வேலை: வண்டியோடு வந்த புத்தகம்

பழைய வண்டி வாங்கினால் புத்தகம் இருக்காது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், எந்த கியர் பாக்ஸ், எவ்வளவு ஆயில், எந்த ரகம் என்று சொல்வார்கள். பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடும் இருக்கும். மண்ணைச் சுரண்டிவிட்டு அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் லாரியில் வருடத்துக்கு வருடம் வேறு வேறு கியர் பாக்ஸ் வந்திருக்கும். பக்கத்து வண்டிக்காரர் எவ்வளவு ஊற்றினார் என்பது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

ஆர்சியில் உள்ள மொத்த எடையையும் அதே கையோடு பாருங்கள். 2018-ல் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தி, ஆறு டயர் லாரிக்கு லோடோடு சேர்த்து 16.2 டன் என்று இருந்ததை 18.5 டன் ஆக்கியது. அதற்கு முன்னால் வந்த வண்டியின் கியர் பாக்ஸ் பழைய எடைக்காகச் செய்தது. சட்டம் மாறியதால் உள்ளே இருக்கிற பல் தடிமனாகிவிடாது. அதிக லோடுக்கு அபராதமே 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அந்தப் பணத்தைக் கட்டி ரசீதோடு வந்துவிடலாம். மேடு ஏறும்போது முதல் கியரின் பல்லில் விழுகிற சுமைக்கு ரசீது கிடையாது.

ஆயில்

இங்கேதான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள், அதனால் இதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

டப்பாவின் மேல் 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று ஒரு எண் இருக்கும். அது ஆயிலின் கெட்டித்தன்மை. அதற்குப் பக்கத்தில் ஏபிஐ ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்று இன்னொன்று இருக்கும். அது ஆயிலில் என்ன மருந்து சேர்த்திருக்கிறார்கள் என்பதைச் சொல்வது. கடையில் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்ணே, ஜிஎல்-5 இன்னும் உசத்தி" என்பார்கள். உசத்தி இல்லை, வேறு. ஜிஎல்-5 என்பது பின் ஆக்சிலில் இருக்கிற கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடிக்காகச் செய்தது. அங்கே பல்லோடு பல் வழுக்கித் தேய்ந்தபடி சுற்றும், அழுத்தம் மிக அதிகம். அதைத் தாங்குவதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானத்தை அதிகம் போடுகிறார்கள். கியர் பாக்ஸுக்குள்ளோ, கியர் விழும்போது இரண்டு பக்க வேகத்தையும் சமப்படுத்துகிற சின்க்ரோனைசர் கோன் இருக்கிறது. பல வண்டிகளில் அது பித்தளை. சூடான ஜிஎல்-5 ஆயில் நாள்பட அந்தப் பித்தளையை அரிக்கக்கூடும். கியர் விழுவது முதலில் கடினமாகும், அப்புறம் கரகரக்கும். புத்தகம் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 தான் ஊற்ற வேண்டும். சில புதிய பாக்ஸ்களுக்குக் கம்பெனியே சிந்தெடிக் ஆயில் சொல்லியிருக்கும். அதை மலிவான ஆயிலால் மாற்ற வேண்டாம்.

லெவல் பார்ப்பதற்கு வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே போங்கள். சாவி விஷயத்தை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கிளீனர் பையன் பாட்டு கேட்கலாம் என்று சாவியைத் திருப்பி, வண்டி கியரில் கிடந்தால் கீழே இருப்பவர் கதி என்ன? ஓடி வந்ததும் உடனே பார்க்காதீர்கள், ஆயில் கீழே வடிய பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கிற லெவல் பிளக்கைச் சுற்றி மண்ணைத் துடைத்துவிட்டுத் திறங்கள். துடைக்காமல் திறந்தால் அந்த மண் நேராக உள்ளே போகும். ஓட்டையின் கீழ் விளிம்பில் ஆயில் நிற்க வேண்டும். விரலை மடக்கி உள்ளே விட்டு அது எங்கேயோ ஆழத்தில் தட்டுப்பட்டால் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

குறைந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்துதான். நிறைய ஊற்றினால் பற்கள் அதை அடித்து அடித்து நுரையாக்கும். நுரை உராய்வைத் தடுக்காது, சூட்டையும் கடத்தாது. மீதி ஆயில் முன்பக்க சீல் வழியாகக் கிளட்ச் மேல் இறங்கும், பிளேட் வழுக்கும். "கூட அரை லிட்டர் கிடக்கட்டும்" என்று பாசத்தில் ஊற்றுவது வேண்டாம். விளிம்பில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, வடிந்து முடிந்தபின் பிளக்கைப் போடுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது? புத்தகம் சொல்வதுதான் கணக்கு. பழைய மாடல்களில் 40,000 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும், புதிய வண்டிகளில் ஒரு லட்சத்தையும் தாண்டிச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு நால்வழிச் சாலையில் சீராக ஓடுகிற வண்டிக்குப் போட்டது. வாரத்தில் மூன்று நடை குமுளியோ போடிமெட்டோ ஏறி இறங்குகிற வண்டியும், மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் முதல் கியரிலேயே கிடக்கிற டிப்பரும் அந்தக் கணக்கில் வராது. என் வண்டிகளுக்குப் புத்தகக் கணக்கில் பாதியில் மாற்றுகிறேன். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் இது, ஆயில் சீக்கிரம் கருகுகிறது.

ஆயில் மாற்றுகிற நாள்

போன மாதம் என் அக்கா மகனுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தேன். புதிதாக லைட் கமர்ஷியல் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். அன்றைக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

திருமங்கலம் வரை போய்த் திரும்பி வந்தோம். ஆயில் சூடாக இருந்தால்தான் அடியில் உள்ள கசடோடு சேர்ந்து இறங்கும். ஆறிய ஆயில் தெளிவாக மேலே வடிந்துவிட்டுக் கசடை உள்ளே விட்டுவிடும். முதலில் மேலே உள்ள பிளக்கைக் கழற்றச் சொன்னேன். "ஏன் மாமா, கீழதானே திறக்கணும்?" என்றான். மேல் பிளக் துருப்பிடித்துக் கழற்ற வராவிட்டால் என்ன செய்வது? கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நிரப்புகிற பிளக் கழறுகிறதா என்று பார்த்த பிறகுதான் வடிக்கிற பிளக்கில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

கீழ் பிளக்கின் முனையில் காந்தம் இருக்கும். கழற்றி அவன் கையில் கொடுத்தேன். அதில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தது. கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கச் சொன்னேன். திருநீறு மாதிரி வழவழப்பாக இருந்தால் கவலை இல்லை, அது பற்கள் தேய்கிற இயல்பான பொடி. விரலில் நறநறவென்று தட்டுப்பட்டால் பேரிங்கோ பல்லோ உதிர ஆரம்பித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற இரும்புத் துண்டு இருந்தால் அந்த வண்டியை அடுத்த லோடுக்கு அனுப்பாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அதனால் வடிந்த ஆயிலை வெயிலில் வைத்துப் பாருங்கள். தங்கப் பொடி மிதப்பது போல மினுங்கினால் சின்க்ரோனைசர் கோன் தேய்கிறது. ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கருகிய வாடை அடித்தால் சூடு அதிகமாகியிருக்கிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனை, பெட்டியைத் திறக்காமலே உள்ளே எட்டிப் பார்ப்பது போல. ஆயில் கடையில் மாற்றக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

காந்தத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, புதிய வாஷர் போட்டு மாட்டினோம். பழைய வாஷர் நசுங்கிப்போனது, திரும்பப் போட்டால் கசியும். கசிகிறது என்று இன்னும் முறுக்கினால் அலுமினிய பாக்ஸில் மரை போய்விடும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, அது கடைசியில் வைகைக்குத்தான் போகிறது. ஒர்க் ஷாப்பில் கழிவு ஆயில் பேரல் வைத்திருப்பார்கள், அதில் ஊற்றுங்கள்.

பாக்ஸின் தலையில் விரல் அளவு சின்ன மூடி ஒன்று இருக்கும், பிரீதர் என்பார்கள். பெட்டி சூடேறும்போது உள்ளே விரிகிற காற்று அதன் வழியாக வெளியே போகும். மண் அடைத்துவிட்டால் காற்று சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், கூடவே ஆயிலும். சீல் மாற்றிய பதினைந்து நாளில் மறுபடி கசிகிறது என்றால் சீல் கடைக்காரரைத் திட்டும் முன் பிரீதரைப் பாருங்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் கழற்றி டீசலில் கழுவி ஊதிவிட்டால் போதும். மழைக்காலத்தில் ரயில் பாதைக்குக் கீழே உள்ள சுரங்கப்பாதையில் முட்டளவு தண்ணீரில் வண்டியை விட்டிருந்தால், மறுநாளே லெவல் பிளக்கைத் திறந்து ஆயில் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓடிச் சூடாக இருந்த பெட்டி தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும், அப்போது வெளியே உள்ளதை உறிஞ்சும்.

கிளட்ச் சரியில்லாமல் கியர் பாக்ஸ் பிழைக்காது

கிளட்ச் முழுதாக விடாத வண்டியில் ஒவ்வொரு கியர் மாற்றமும் சின்க்ரோனைசரைச் சுரண்டுகிறது. சோதிப்பது சுலபம். வண்டி நிற்கும்போது என்ஜினை ஐடிலில் விட்டு, கிளட்சை முழுதாக மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான வண்டியில் ரிவர்ஸுக்கு சின்க்ரோனைசர் கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. ஐந்து விநாடிக்குப் பிறகும் கரகரத்தால் கிளட்ச் விடவில்லை. கிளட்ச் ஆயில் குறைந்திருக்கலாம், பைப்பில் காற்று புகுந்திருக்கலாம், காற்றழுத்தத்தால் பெடலுக்கு உதவுகிற பூஸ்டர் வலுவிழந்திருக்கலாம். கியர் பாக்ஸைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

கிளட்ச் டப்பாவில் ஊற்றுவது பிரேக் ஆயில்தான், புத்தகம் சொல்கிற டாட் 3 அல்லது டாட் 4. அவசரத்துக்கு என்ஜின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் கப் எல்லாம் ஊதிவிடும். காற்று டேங்கின் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவதைக் கிளீனரின் தினப்படி வேலையாக்குங்கள். கிளட்ச் பூஸ்டரும், ஒன்பது கியர் வண்டியில் ஹை-லோ மாற்றுகிற சிலிண்டரும் அந்தக் காற்றில்தான் வேலை செய்கின்றன. தண்ணீர் கலந்த காற்று அவற்றின் சீலை அரிக்கும்.

பெடலின் ஆரம்பத்தில் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். பிளேட் தேயத் தேய அந்த ஆட்டம் குறையும். முழுதாக இல்லாமல் போனால், பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், பிளேட்டும் வழுக்கும். தானாகச் சரிசெய்துகொள்கிற கிளட்ச் இல்லாத வண்டியில் மாதம் ஒரு முறையாவது இதைப் பாருங்கள். ஓட்டும்போது கிளட்ச் பெடலில் காலை வைத்தே ஓய்வெடுப்பவர்கள் இருக்கிறார்கள். செருப்பின் எடையே ரிலீஸ் பேரிங்கைத் தின்றுவிடும். காலைத் தரையில் வையுங்கள்.

கையும் காலும், முக்கியமாக மலையில்

லோடு வண்டியை முதல் கியரில்தான் எடுக்க வேண்டும். இரண்டாவதில் எடுத்தால் நேரம் மிச்சம் என்று நினைப்பவர்கள் கிளட்ச் பிளேட்டைப் பணயம் வைக்கிறார்கள். வண்டி முழுதாக நிற்கும் முன் ரிவர்ஸ் போடாதீர்கள். கியர் கம்பி மேல் கையை ஊன்றிக்கொண்டு ஓட்டாதீர்கள். அந்தக் கையின் எடை, உள்ளே கியரை நகர்த்துகிற ஃபோர்க்கை, சுற்றுகிற ஸ்லீவ் வளையத்தின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் அப்படி ஓட்டிய வண்டியின் ஃபோர்க்கைப் பார்த்திருக்கிறேன், ஒரு பக்கம் பிளேடு மாதிரி ஆகியிருந்தது.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும்போதும், 17 கொண்டை ஊசி வளைவு உள்ள போடிமெட்டு ஏறும்போதும், எதிரே பஸ் வந்து நிற்க வேண்டியிருந்தால் அரைக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். அரைக் கிளட்சில் ஒரு நிமிடம் நின்றால் பிளேட் வாடை கேபின் வரைக்கும் வரும். அந்தச் சூட்டில், கிளட்ச் பிளேட் உரசுகிற ஃபிளைவீலில் நீலத் திட்டு விழும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று விதியே இருக்கிறது. இறங்கும்போது நீங்களும் அப்படி ஒதுங்கிக் கொடுங்கள். அவர் கிளட்ச் பிழைக்கும்.

இறங்குவதுதான் பெரிய விஷயம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், என்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுவது உயிருக்கே ஆபத்து. எல்லாச் சுமையும் பிரேக் மேல் விழுந்து டிரம் சூடேறும், பாதி மலையில் பிரேக் பிடிக்காது. என்ஜினையும் அணைத்து உருட்டினால் பிரேக்குக்கான காற்று ஏறாது, ஸ்டியரிங் கல்லாகிவிடும். கியர் பாக்ஸுக்குள் லே ஷாஃப்ட் நின்றுவிடும், ஆனால் சக்கரத்தோடு மெயின் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். முன்பு சொன்ன பட்டினி இதுதான்.

இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது. வேகமாக இறங்கும்போது கிளட்சை மிதித்துக்கொண்டே இரண்டாவது கியரில் தள்ளினால், சக்கரத்தின் வேகம் பின்னாலிருந்து கிளட்ச் பிளேட்டைச் சுழற்றும். என்ஜின் ஒருநாளும் சுற்றாத வேகத்தில் அது சுற்றும். பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கிற ஃபேசிங் பிய்ந்து, கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்குக்குள் துண்டு துண்டாகச் சிதறும். அதனால் மேலே, பாதை சரிய ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். ஒவ்வொரு படியாக.

ஜாயின்ட் ஷாஃப்ட்

கியர் பாக்ஸின் வாலில் தொங்குவது இது. இதன் மூட்டில் உள்ள சிலுவை வடிவ கிராஸ் தேய்ந்து ஆட ஆரம்பித்தால் அந்த ஆட்டம் முதலில் கியர் பாக்ஸின் பின் பேரிங்கையும் சீலையும்தான் கெடுக்கும். வண்டி எடுக்கும்போது கீழே 'டங்' என்று ஒரு அடி விழுந்தால் கிராஸைப் பாருங்கள். கீழே படுத்து ஷாஃப்ட்டை இரண்டு கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தாலே தெரியும். நடுவில் உள்ள சென்டர் பேரிங்கின் ரப்பரும் கிழியாமல் இருக்க வேண்டும்.

கிரீஸ் கன் அடிக்கும்போது கிராஸின் நாலு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த நாலாவதுதான் முதலில் போகும். ஷாஃப்ட்டைக் கழற்ற நேர்ந்தால், கழற்றும் முன் இரண்டு துண்டும் சேருகிற இடத்தில் சாக்பீஸாலோ பெயிண்டாலோ ஒரு கோடு போட்டுவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு சேர வேண்டும். ஒரு பல் மாறி மாட்டினால் வண்டி முழுதும் அதிரும்.

காது சொல்வது

வண்டி நிற்கிறது, நியூட்ரலில் என்ஜின் ஓடுகிறது, உள்ளே ஒரு கொர்ர் சத்தம். கிளட்சை மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் இன்புட் ஷாஃப்ட்டிலோ லே ஷாஃப்ட்டிலோ பேரிங் தேய்கிறது. நேர்மாறாக, கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்த கியரின் பல். எல்லா கியரிலும் வேகத்தோடு கூடுகிற ஊளை என்றால் கிரவுனாகவும் இருக்கலாம், கியர் பாக்ஸை மட்டும் சந்தேகிக்காதீர்கள்.

கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் பயந்து உடனே பாக்ஸை இறக்க வேண்டாம். கேபினிலிருந்து பாக்ஸ் வரை வருகிற கம்பியின் புஷ் தேய்ந்திருக்கலாம், பாக்ஸைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் செத்திருக்கலாம். இரண்டும் வெளியிலேயே மாற்றக்கூடியவை. அதற்குப் பிறகும் கழன்றால்தான் உள்ளே வேலை.

கட்டி இழுக்கும்போது

ஒருமுறை என் வண்டி உசிலம்பட்டியில் என்ஜின் பழுதாகி நின்றது. இரவு நேரம், தெரிந்த லாரி ஒன்று வந்தது, கம்பி போட்டுக் கட்டி மதுரைக்கு இழுத்து வந்தோம். சுமார் 40 கிலோமீட்டர். நியூட்ரலில்தானே இருக்கிறது என்று நினைத்தேன். என்ஜினைச் சரிசெய்து வண்டியை எடுத்த முதல் நாளே கியர் பாக்ஸ் உள்ளே அலறியது. இறக்கிப் பிரித்தபோது மெக்கானிக் அண்ணன் ஒரு சின்ன பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். இன்புட் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் சேருகிற இடத்தில் இருப்பது. மயில் கழுத்து மாதிரி நீலமாகச் சூடேறிக் கிடந்தது. என்ஜின் ஓடாததால் லே ஷாஃப்ட் சுற்றவில்லை, ஆயில் வாரி அடிக்கப்படவில்லை. சக்கரம் உருண்ட 40 கிலோமீட்டரும் மெயின் ஷாஃப்ட் மட்டும் காய்ந்த பேரிங்கில் சுற்றியிருக்கிறது. "ஜாயின்ட்ட கழட்டிட்டு இழுத்திருந்தா எட்டு போல்ட்தான் தம்பி" என்றார் அவர்.

அன்றிலிருந்து வண்டியின் டூல் பாக்ஸில் ஜாயின்ட் போல்ட்டுக்கான ரிங் ஸ்பேனர் எப்போதும் இருக்கிறது. வண்டியைக் கட்டி இழுக்க வேண்டி வந்தால், முதலில் டயருக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின் ஆக்சில் பக்கம் ஜாயின்ட் ஷாஃப்ட்டைக் கழற்றி மேலே சேர்த்துக் கட்டுங்கள், அல்லது முழுதாக எடுத்து பாடியில் போடுங்கள். மழையோ இரவோ, அந்த இருபது நிமிடத்தைத் தவிர்க்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் இறக்க வேண்டி வந்தால்

கிளட்ச் பிளேட் மாற்றவே எப்படியும் ஒருநாள் பாக்ஸ் இறங்கும். அன்றைக்கு ரிலீஸ் பேரிங், ஃபிளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங், பாக்ஸின் முன்பக்க ஆயில் சீல் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பொருளின் விலை கொஞ்சம்தான், இறக்கி ஏற்றுகிற கூலிதான் அதிகம். அதை இரண்டு தரம் கொடுக்க வேண்டாம். ஃபிளைவீலில் நீலத் திட்டோ கோடோ இருந்தால் லேத்தில் கடைந்து முகத்தைச் சமமாக்காமல் புது பிளேட் போடாதீர்கள், போட்டால் வண்டியைக் கிளப்பும்போது உதறும்.

பாக்ஸை ஏற்றும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். பாக்ஸின் எடை முழுவதையும் ஜாக்கி தாங்க வேண்டும். இன்புட் ஷாஃப்ட் முனையைப் பிளேட்டுக்குள் நுழைத்துவிட்டு, போல்ட் போடும் வரை பாக்ஸை அப்படியே தொங்கவிட்டால் புது பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். பையன்கள் அவசரத்தில் அப்படிச் செய்வார்கள், அதட்ட வேண்டாம், இன்னொரு ஜாக்கி கொடுக்கச் சொல்லுங்கள்.

உள்ளே வேலை நடந்திருந்தால் மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எது தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று மெக்கானிக்கைக் கேளுங்கள், நல்ல மெக்கானிக் சந்தோஷமாகச் சொல்வார். ஆயிலை நீங்களே வாங்கிக் கொடுத்து, லெவல் பிளக்கில் வழிகிற வரைக்கும் நின்று பாருங்கள். ஷெட்டை விட்டு நகரும் முன் ஒவ்வொரு கியரும் விழுகிறதா, எங்கேயாவது சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, காலி வண்டியாக விரகனூர் சுற்றுச்சாலையில் ஒரு சுற்று ஓட்டி வந்து மறுபடி கீழே குனிந்து பாருங்கள். புது பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகிற காலத்தில் பொடி அதிகம் உதிரும். அதனால் அந்த முதல் ஆயிலை முழுக் கணக்கு வரைக்கும் ஓட்டாமல் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். வடிக்கும்போது காந்தத்தை மறக்காமல் விரலில் தேய்த்துப் பாருங்கள்.